கால் மைலில் ஒரு கல்விக்கூடம்

வேகத்தை விரும்பாத இளமை இல்லை. அவ்விருப்பத்தை அடக்கி ஒடுக்க முயன்ற சமுதாயங்கள் பல. அதற்கென ஓர் இடத்தையும் ஒரு நெறியையும் வகுத்துத் தந்தவை சில. அமெரிக்க நாட்டில் தோன்றி வளர்ந்த ‘டிராக்’ பந்தயத்தின் வரலாறு இந்த இரண்டாம் வகையைச் சார்ந்தது. நின்ற நிலையிலிருந்து இரண்டு மகிழுந்துகள் புறப்பட்டு, வளைவற்ற நேர்ப்பாதையில் கால் மைல் தூரத்தை, அதாவது 1,320 அடியை, எது முதலில் கடக்கிறது என்று காண்பதே இப்பந்தயம். கேட்பதற்கு எளிதுதான். ஆயினும் வெற்றியும் தோல்வியும் பல வேளைகளில் முதல் 60 அடியிலேயே முடிவாகிவிடுகின்றன. கையால் கியர் மாற்றும் மகிழுந்தை அந்த முதல் அடிகளில் செம்மையாகக் கிளப்ப மனிதன் கற்றுக்கொண்ட வரலாற்றையே இக்கட்டுரை கூற முற்படுகின்றது.

1930களில் தென் கலிபோர்னிய இளைஞர்கள் பழைய ஃபோர்டு மகிழுந்துகளை மலிவாக வாங்கி, தேவையற்ற பகுதிகளைக் கழற்றி எறிந்து, இயந்திரத்தின் ஆற்றலைப் பெருக்கி, முரோக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தனர். அவர்களுடைய மன்றங்கள் ஒன்றுகூடி, 1937இல் தென் கலிபோர்னிய நேரக்கணிப்புச் சங்கத்தை நிறுவின. அங்கே அளக்கப்பட்டது உச்ச வேகம். நெடுந்தொலைவு ஓடி, வேகம் பெற்ற பின்னரே வண்டியின் நேரம் கணிக்கப்பட்டது. ஆதலால், புறப்படும் முறையைப் பற்றி எவரும் பெரிதாகக் கவலை கொள்ளவில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய இளைஞர்களிடம் சிறிது பணமும், படையில் பெற்ற பொறியறிவும் இருந்தன. ஏரிப் படுகைகளோ தொலைவில் இருந்தன. ஆகவே, ஊர்ச் சாலைகளிலேயே ஒரு போக்குவரத்து விளக்கிலிருந்து அடுத்த விளக்குவரை பந்தயம் விடலாயினர். உயிர்கள் பலியாயின. நாளேடுகள் கண்டித்தன, காவல் துறையினர் விரட்டினர். விரட்டப்பட்டவர்கள் அடுத்த தெருவில் கூடினர்.

விரட்டுவதால் மட்டும் பயனில்லை என்பதை உணர்ந்த சிலர் முன்வந்தனர். 1950இல் சி. ஜே. ஹார்ட் என்பார், சாந்தா அனா நகரின் விமான நிலையத்தில் பயன்படாதிருந்த ஓடுபாதை ஒன்றில் முறையான டிராக் பந்தயத்தைத் தொடங்கினார். ‘ஹாட் ராட்’ இதழின் ஆசிரியராக இருந்த வாலி பார்க்ஸ், 1951இல் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார். பமோனா நகரக் காவல் துறையைச் சேர்ந்த பட் கூன்ஸ் இம்முயற்சிக்குத் துணை நின்றார். 1954இல் அவர் உள்ளிட்ட நால்வர், நேரம் கணிக்கும் கருவிகளை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று, பாதுகாப்பாகப் பந்தயம் நடத்தும் முறையைக் கற்பித்தனர். மறு ஆண்டு கான்சாஸ் மாநிலத்துக் கிரேட் பெண்ட் நகரில் முதல் தேசியப் போட்டி கூடிற்று. இளைஞர்களை விரட்டும் துறையைச் சேர்ந்த ஒருவரே அவர்களுக்கு ஆசிரியராக மாறியதுதான் இவ்வரலாற்றின் திருப்புமுனை எனலாம்.

ஏரிப் படுகையில் இல்லாத ஒரு புதிய சிக்கல் இங்கே எழுந்தது. வண்டி அசையாமல் நின்று புறப்பட வேண்டும். இதன் அருமை, ஓட்டுநர் உரிமத்திற்காக மேட்டில் வண்டியை நிறுத்திக் கிளப்பிக் காட்டிய ஒவ்வொருவருக்கும் தெரியும். நான் பயின்ற நாளில், கிளட்சைச் சட்டென விட்டதால் இயந்திரம் இருமுறை உயிரிழந்து நின்றது. மூன்றாம் முறை அஞ்சி அஞ்சி விட்டேன். வண்டி பின்னோக்கிச் சரிந்தது. நாற்பது மாணவர்களைக் கட்டியாண்ட எனக்கு ஒரு மிதியைக் கட்டியாளத் தெரியவில்லை!

காரணம் இதுதான். இயந்திரம் ஓரளவு விரைந்து சுழன்றால்தான் அதற்கு இழுவிசை உண்டு. சக்கரமோ சுழலாமல் நிற்கிறது. சுழல்வதையும் நிற்பதையும் இணைக்கும் பாலமே கிளட்ச் தகடு. காலை முற்றாக எடுத்துவிட்டால் இரண்டில் ஒன்று நேரும். ஆற்றல் மிகுந்திருப்பின் டயர்கள் புகை கக்கி வீணே சுழலும். குறைந்திருப்பின் இயந்திரம் திணறிப் படுத்துவிடும். சில நேரங்களில் அச்சும் முறியும். மிக மெதுவாக விட்டாலோ தகடு உராய்ந்து தீய்ந்துபோகும். வழுக்கிச் சுழலும் டயரைவிடத் தரையைக் கவ்விச் சுழலும் டயருக்கே பிடிப்பு அதிகம். பின் சக்கரங்களால் இயங்கும் வண்டி பாய்ந்து புறப்படுகையில், அதன் எடை பின்புறம் சாய்ந்து அச்சக்கரங்களை மேலும் தரையோடு அழுத்துகிறது. அந்த எடை வந்து சேரும் கணத்திற்கேற்பக் கிளட்சை விடுவதும், முடுக்கியை மிதிப்பதும் ஒத்திசைய வேண்டும். நாதசுரமும் தவிலும் இசைவது போல இரு கால்களும் இசைய வேண்டும்.

இக்கலையில் தலைசிறந்தவராகப் போற்றப்பட்டவர் வட கரோலினாவைச் சேர்ந்த ரானி சாக்ஸ். நான்கு கியர் கொண்ட பிளிமத் மகிழுந்தை அவர் செலுத்திய விரைவும் துல்லியமும் பெரும் புகழ் பெற்றன. அப்புகழினும் மேலாக ஆசிரியர்களாகிய நம்மைக் கவர்வது வேறொன்று. 1960களின் இறுதியில், அவரும் அவருடைய கூட்டாளி படி மார்ட்டினும் பல ஊர்களின் மகிழுந்து விற்பனை நிலையங்களுக்குச் சென்று, கூடியிருந்தோர்க்குப் பந்தய நுணுக்கங்களை விளக்கும் பயிற்சி வகுப்புகளை நடத்தினர். வென்றவர் தம் வித்தையை மறைத்து வைக்கவில்லை.

கற்கும் முறையும் காலப்போக்கில் உருப்பெற்றது. தொடக்கத்தில் ஒருவர் கொடியசைத்துப் பந்தயத்தைத் தொடங்கி வைத்தார். அவருடைய தோளசைவைப் பார்த்தே முந்திக்கொண்டவரும் உண்டு. 1963இல் ‘கிறிஸ்துமஸ் மரம்’ எனப்படும் விளக்குக் கம்பம் வந்தது. இன்று வழங்கும் ஒரு முறையில், மூன்று மஞ்சள் விளக்குகள் அரை வினாடிக்கு ஒன்றாக எரிந்த பின் பச்சை எரியும். பச்சையைக் கண்டபின் காலை எடுப்பவர் பிந்திவிட்டார் என்றே பொருள். தேர்ந்தவர் கடைசி மஞ்சளிலேயே புறப்படுகிறார். ஆனால் பச்சைக்கு முன் வண்டி கோட்டை விட்டு நகர்ந்துவிட்டால் சிவப்பு எரியும். பின்னர் எத்துணை விரைந்தோடியும் பயனில்லை, ஆட்டம் இழந்தார்.

வண்டி கோட்டைவிட்டு நகரும் கணத்தில்தான் அதன் ஓட்ட நேரம் எண்ணத் தொடங்கும். ஆகவே, தயங்கிப் புறப்பட்டவரின் ஓட்ட நேரம் குறைவாக இருப்பினும், முந்திப் புறப்பட்டவர் எல்லைக்கோட்டை முதலில் தொட்டு வெல்லக்கூடும். ஓட்டம் முடிந்ததும் ஒரு சீட்டுக் கையில் தரப்படும். புறப்படத் தாமதித்த நேரம், 60 அடியைக் கடந்த நேரம், கால் மைல் நேரம், இறுதி வேகம் எனப் பலவும் அதில் இருக்கும். தொடக்கநிலை மாணவன் குறைந்த சுழற்சியில் ஒருமுறை கிளப்பிப் பார்க்கிறான், சீட்டை நோக்குகிறான், அடுத்த முறை சுழற்சியைச் சில நூறு மட்டும் கூட்டுகிறான். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் என்பதே விதி. பலவற்றை ஒருசேர மாற்றினால், எது நலம் செய்தது என்று தெரியாது. தலையில் குட்டாமல், பொய்யாகப் புகழாமல், பிழையை உள்ளவாறே காட்டும் அச்சீட்டை விடச் சிறந்த மதிப்பெண் அட்டை ஏது?

காலம் அக்கலையையும் மாற்றியது. கிளட்சை மிதிக்காமலே கியர் மாற்றும் பெட்டிகள் 1970களில் பந்தய வண்டிகளில் இடம்பெற்றன. இன்று, புறப்பாட்டையே மின்னணுக் கருவி கவனித்துக்கொள்ளும் மகிழுந்துகள் விற்பனைக்கு வருகின்றன. ஆபத்தும் முற்றாக நீங்கிவிடவில்லை. 2008இல் வீரர் ஒருவர் உயிரிழந்ததைத் தொடர்ந்து, மிகு வேகம் கொண்ட இரு வகை வண்டிகளுக்கு ஓட்டத் தூரம் 1,000 அடியாகக் குறைக்கப்பட்டது. நெறியை வகுத்தவர்கள் அதைத் திருத்தவும் தயங்கவில்லை.

பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் வாக்கு. வேகத்திற்கென்றே அமைந்த களம், முதலில் கற்றுத் தருவது பொறுமையை. நம் பள்ளி வாசலைக் கடந்து சாலையில் சீறிப் பாயும் இளைஞனைக் காணும்போதெல்லாம், அவனை வைது ஓய்கிறோம். ஒரு காவலர் தம் கைக்கோலை விட்டுவிட்டு நேரக்கருவியைத் தூக்கிச் சென்ற வரலாற்றை அப்போது நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். ஆற்றல் இளைஞனிடம் இருக்கிறது. அதைத் தரையோடு இணைக்கும் கிளட்சாக இருப்பதே ஆசிரியர் கடமை. சட்டென விட்டாலும் கெடும். பிடித்தே வைத்திருந்தாலும் தீயும்.