வுட்டி கத்ரியின் இளமையும் இசையும்

நாட்டுப்பாடலோடு ராக் இசையை இணைக்கும் பாணி ஒன்று 1965 ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் பரவிற்று. தாமே பாட்டு எழுதி, தாமே கிதார் மீட்டிப் பாடிய அவ்விளைஞர்களுள் முதன்மையானவர் பாப் டிலன். அவர் 1961 இல், தம் 19 ஆம் வயதில், நியூ யார்க் வந்த சில நாட்களிலேயே தேடிச் சென்று கண்டது ஒரு மருத்துவமனை நோயாளியை. அந்நோயாளியின் கைகள் கிதாரைப் பிடிக்கும் நிலையில் இல்லை, பேச்சும் குழறிற்று. அவர்தாம் வுட்டி கத்ரி. டிலன் அவருடைய பாட்டுகளை அவருக்கே பாடிக் காட்டினார்.

ஓக்லஹோமா மாநிலத்து ஓகிமா என்னும் சிற்றூரில் 1912 ஜூலை 14 ஆம் நாள் கத்ரி பிறந்தார். தந்தை சார்லி நிலம் வாங்கி விற்பவர். உள்ளூர் அரசியலிலும் ஈடுபட்டவர். தாய் நோரா பழைய கதைப்பாடல்களைக் குழந்தைகளுக்குப் பாடிக் காட்டுவார். மகனுக்கு இசையின் முதற்பாடம் அதுவே. ஆனால் அக்குடும்பத்தைத் தீ விடாது தொடர்ந்தது. அவர் பிறப்பதற்கு முன்பே, புதிதாகக் கட்டிய வீடு எரிந்து போயிற்று. 1919 இல் தமக்கை கிளாரா தீயில் வெந்து இறந்தாள். 1927 இல் தந்தையே கொடிய தீக்காயமுற்றார்.

இதற்கிடையே நோராவின் போக்கு மாறிக்கொண்டே வந்தது. உடல் தானாகத் துடித்தது, காரணமின்றிச் சீறினார், செய்யும் வேலையைப் பாதியில் மறந்தார். ஊர் வாய் சும்மா இருக்குமா? சித்தம் கலங்கியவள் என்றனர். வீட்டில் தீ வைப்பவளே அவள்தான் என்று கூசாமல் பேசியவர்களும் உண்டு. 1927 இல் அவரை நார்மன் நகரத்து மனநோய் மருத்துவமனையில் சேர்த்தனர். காயமுற்ற தந்தையை உறவினர் டெக்ஸஸ் மாநிலத்திற்கு அழைத்துச் சென்றனர். ஓகிமாவிலேயே தங்கிய வுட்டிக்கு அப்போது வயது 15 கூட நிரம்பவில்லை.

நண்பர்கள் வீட்டில் உண்டு உறங்கி, கிடைத்த சில்லறை வேலைகளைச் செய்து அவன் காலம் கழித்தான். செருப்புக்கு மெருகிடும் நீக்ரோச் சிறுவன் ஒருவன் வாசித்த மவுத் ஆர்கனைக் கேட்டு, தானும் அதைக் கற்றுக்கொண்டான். 1929 இல் டெக்ஸஸின் பாம்பா நகருக்குத் தந்தையிடம் சென்றபின், சிற்றப்பா ஒருவர் கிதார் கற்பித்தார். உயர்நிலைப் பள்ளிப் படிப்பு முடியவில்லை. ஆனால் நகர நூலகம் இருந்தது. அவர் படித்தவற்றைக் கல்லூரி மாணவர் பலரும் படித்திருக்க மாட்டார்கள் என்றே எண்ணுகிறேன்.

பாம்பாவைச் சூழ்ந்த சமவெளி, ஒரு காலத்தில் புல்வெளி. முதல் உலகப் போரில் கோதுமை விலை ஏறவே, புல்லைப் பெயர்த்து நிலமெங்கும் உழுதார்கள். 1930 களில் மழை பொய்த்தது. வேரின் பிடியில்லாத மண் காற்றோடு எழுந்தது. 1935 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை, மலைபோல் திரண்டு வந்த கரும்புழுதி பகலை இரவாக்கிற்று. உலகம் முடிந்தது என்றே பலர் நம்பினர். கத்ரி அதை நேரில் கண்டார். அந்த அனுபவத்திலிருந்து பாட்டும் எழுதினார். வயலையும் வீட்டையும் இழந்தவர்கள் பழைய மோட்டார் வண்டிகளில் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு கலிபோர்னியாவை நோக்கிச் சென்றனர். அங்கே வரவேற்பு எப்படி? 1936 இல் லாஸ் ஏஞ்சலீஸ் காவல்துறை மாநில எல்லைக்கே ஆளனுப்பி, கையில் காசில்லாதவர்களைத் திருப்பிவிட்டது.

1937 இல் கத்ரியும் அங்குச் சென்றார். லாஸ் ஏஞ்சலீஸ் வானொலி நிலையம் ஒன்றில் பாட இடம் கிடைத்தது. ஊரிழந்து வந்தவர்கள், தங்கள் ஊர்ப் பேச்சிலேயே ஒருவர் பாடுவதை வானொலிப் பெட்டியில் கேட்டார்கள்! மெட்டுகள் பெரும்பாலும் பழையவை. தாய் பாடியவை போன்ற பாடல்களின் மெட்டுகள். சொற்கள்தாம் புதியவை. இரவல் மெட்டு என்று சிலர் குறை கூறுவர். நாட்டுப்பாடல் வளரும் வழியே அதுதான் என்பதை நம் தெம்மாங்கு அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை.

1940 அவருடைய பேறான ஆண்டு. பிப்ரவரியில், இந்த நாடு உனக்கும் எனக்கும் உரியது என்னும் கருத்துடைய புகழ்பெற்ற பாட்டை எழுதினார். தனியுடைமை வேலியையும் நிவாரண அலுவலகத்தில் நின்ற பசித்தவர்களையும் பற்றிய அடிகள் அதில் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் பாடும்போது அவை பெரும்பாலும் விடுபட்டுப் போயின. அவ்வாண்டிலேயே புழுதிப் பாடல்கள் இசைத்தட்டுகளாக வெளிவந்தன. மறு ஆண்டு, கொலம்பியா ஆற்று அணைகளைப் பற்றி ஒரே மாதத்தில் 26 பாட்டுகள் எழுதினார்.

நல்ல கணவர் என்று அவரைச் சொல்ல முடியாது. முதல் மனைவியையும் மூன்று குழந்தைகளையும் நெடுங்காலம் தவிக்கவிட்டு ஊர் ஊராகத் திரிந்தார். தீயும் அவரை விடவில்லை. இரண்டாம் மனைவி மார்ஜோரியிடம் பிறந்த நான்கு வயது மகள் 1947 இல் வீட்டில் பற்றிய தீயால் இறந்தாள்.

பிறகு அவருடைய கையும் காலும் தடுமாறத் தொடங்கின. குடிப்பழக்கம் என்றும் மனச்சிதைவு என்றும் பலவாறு கூறிய மருத்துவர்கள், 1952 இல்தான் உண்மையை உணர்ந்தனர். அது ஹண்டிங்டன் நோய். மூளை நரம்புகளைச் சிறுகச் சிறுக அழிப்பது. பெற்றோருள் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வரக்கூடியது. நோராவை வாட்டியதும் இதே நோய்தான். கடைசி ஆண்டுகளில் பேச்சும் போய்விட, ‘ஆம்’, ‘இல்லை’ என்றெழுதிய அட்டைகளை மார்ஜோரி பிடித்துக் காட்டி அவர் விடையை அறிந்தார். 1967 அக்டோபர் 3 ஆம் நாள் கத்ரி காலமானார். முதல் மனைவியின் மகள்கள் இருவரும் அந்நோயாலேயே 41 ஆம் வயதில் மறைந்தனர்.

மார்ஜோரி 1967 இலேயே இந்நோயை எதிர்க்கும் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்து, ஆராய்ச்சிக்காக ஊர் ஊராகச் சென்று பேசினார். வெனிசுவேலா நாட்டு மரக்காய்போ ஏரிக்கரைக் குடும்பங்கள் கொடுத்த இரத்தத்தின் துணையோடு, நோய்க்குக் காரணமான மரபணு 1993 இல் கண்டறியப்பட்டது. நோரா இறந்து அப்போது 63 ஆண்டுகள் ஆகியிருந்தன.