விடுமுறை மலர் என்னும் வரலாற்று ஏடு



1863ஆம் ஆண்டில் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியல் அறிஞர், நம் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அவ்விடத்துக் கருவிகளுள் மிகப் பழையவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகட்கு முற்பட்டவை என்று 2011இல் வெளியான ஆய்வு ஒன்று கூறுகிறது. அவற்றைச் செய்த மாந்தர் வரலாற்றுக்கென்று எதையும் சேமித்து வைத்தவர் அல்லர். வேலை முடிந்ததும் எறிந்துவிட்டுச் சென்றார்கள். எறிந்த பொருளே நமக்குச் சான்றாயிற்று.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளும் எறியப்படுவதற்கென்றே பிறந்ததுதான். '2000 ஏ.டி.' என்னும் பிரிட்டிஷ் அறிவியல் சித்திரக்கதை வார இதழ் 1977இல் வெளியிட்ட கோடை விடுமுறை மலர் அது. அட்டை கிழிந்து, தாள் பழுப்பேறிய ஒரு பிரதி என் பழைய பெட்டியில் கிடக்கிறது. அது என் கைக்கு வந்த விதத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

விடுமுறை மலர் என்பது எவ்வாறு தோன்றியது? இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் ஆண்டுக்கு ஒரு முறை ஆலைகள் அனைத்தும் ஒரே வாரத்தில் மூடப்படும் வழக்கம் இருந்தது. அவ்வாரத்தில் ஊரே இரயிலேறிப் பிளாக்பூல் போன்ற கடற்கரைப் பட்டினங்களுக்குச் சென்றுவிடும். 1938இல் நிறைவேறிய சட்டம், சம்பளத்துடன் கூடிய விடுமுறையைப் பெருவாரியான தொழிலாளர்க்கும் எட்டச் செய்தது. பெட்டி படுக்கையுடன் புறப்படும் குடும்பத்தில் பிள்ளைகள் இருப்பார்களன்றோ? அவர்கள் கையில் கொடுக்க, வழக்கமான வார இதழைவிடத் தடித்த ஒரு மலரைப் பதிப்பாளர்கள் அச்சிட்டார்கள். அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டாதபடி முழுக்கதைகளும், புதிர்களும், துணுக்குகளும் அதில் இடம்பெற்றன. ஆகவே அம்மலரின் தாய் கற்பனை என்றால், தந்தை தொழிலாளியின் ஓய்வு நாள் என்றே சொல்லலாம். ஆலைச்சங்கு கேட்டு எழும் கும்மிடிப்பூண்டிச் சிப்காட் பகுதியில் வாழும் உங்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

இனி, இதழின் பெயரைக் கவனியுங்கள். 1977இல் 2000ஆம் ஆண்டு எட்டாத் தொலைவாகத் தோன்றியது. அவ்விதழின் தொடக்கக் காலத் தொடர்களுள் ஒன்று, 1999ஆம் ஆண்டில் அந்நியப் படை பிரிட்டனைக் கைப்பற்றுவதாகச் சொல்லிற்று. 1999 வந்தது, சென்றது. அத்தகைய படையெடுப்பு நிகழவில்லை. அப்படியானால் அக்கதை பொய்தானா? வரவிருந்த காலத்தைப் பற்றி அது சொன்னது தவறுதான். ஆனால் தான் எழுதப்பட்ட காலத்தைப் பற்றி அது உண்மையே பேசிற்று. வல்லரசுகள் இரண்டும் பனிப்போரில் ஒன்றையொன்று வெறித்துப் பார்த்து நின்ற அந்நாளில், பிரிட்டிஷ் மக்களின் உள்ளத்தில் இருந்த அச்சத்தை அது பதிந்து வைத்தது. எதிர்காலத்தைப் பற்றி ஒரு தலைமுறை காணும் கனவு, அத்தலைமுறையின் நிகழ்காலத்துக்குச் சாட்சி. விடுமுறை மலரை மீண்டும் படித்தபோது நான் கற்ற பாடம் இதுவே.

இக்கனவுகள் தமிழுக்கும் வந்தன. 1962இல் இலண்டனில் 'வேலியண்ட்' இதழில் தோன்றிய எஃகுக் கை வீரன், 1972இல் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் அவர்கள் தொடங்கிய முத்து காமிக்ஸில் 'இரும்புக்கை மாயாவி' ஆனான். ஆய்வுக்கூட விபத்தில் கையிழந்தவன், மின்சாரம் பாய்ந்ததும் எஃகுக் கை ஒன்று நீங்கலாக உடல் முழுவதும் மறைந்து போவான். பள்ளிச் சிறுவனாக நான் அக்கதையைப் படித்த அன்று, எங்கள் வீட்டு மின்விசையை ஐயத்துடனே தொட்டேன்! 1984இல் எஸ். விஜயன் அவர்கள் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அது கோடை மலரும் தீபாவளி மலரும் வெளியிட்டது. கடற்கரைப் பயணத்துக்கென்று பிறந்த ஆங்கில வழக்கம், இங்கே மே மாத வெயிலில் திண்ணையிலும் வேப்பமர நிழலிலும் வேரூன்றியது.

ஆங்கில மூல இதழ்களைத் தேடுவோர்க்குச் சென்னை மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளே புகலிடமாக இருந்தன. 1900இல் திறக்கப்பட்ட அவ்வங்காடி 1985இல் தீக்கிரையாயிற்று. இன்று நீங்கள் திருவள்ளூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் புறநகர் இரயில் ஏறும் நிலையம் அவ்விடத்தில்தான் எழுந்தது. எத்தனை ஏடுகள் அங்கே சாம்பலாயின என்று யார் கணக்கிட்டார்கள்?

அங்கே தீ செய்ததை வகுப்பறையில் நானும் சிறிது செய்தேன். 1980களின் இறுதியில், பாட நூலுக்குள் மறைத்து ஒரு மாணவன் படித்துக் கொண்டிருந்த இந்த மலரைப் பறித்தேன். கும்மிடிப்பூண்டியில் ஓர் ஆலைத் தொழிலாளியின் மகன் அவன். தீ விபத்துக்கு முன்பே தன் தந்தை மூர் மார்க்கெட்டில் வாங்கித் தந்தது என்று தயங்கிச் சொன்னான். ஆண்டிறுதியில் திருப்பித் தருகிறேன் என்றேன். அவன் தந்தைக்கு வேறூரில் வேலை கிடைக்கவே, இடையிலேயே பள்ளியை விட்டுச் சென்றுவிட்டான். மலர் என்னிடமே தங்கிவிட்டது. தானியங்கி மனிதனைப் பற்றி அந்நாளில் அவன் என்னைக் கேட்ட வினாவுக்கும் நான் விடை சொல்லவில்லை. பாட நேரத்தில் கதை படிப்பது தவறுதான். ஆயினும் அவ்வினாவுக்கு விடை சொல்லாதது அதனினும் பெரிய தவறு என்று இப்போது உணர்கிறேன்.

கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் நூல்களோடு துண்டு விளம்பரங்களையும் அழைப்பிதழ்களையும் கூடச் சேர்த்து வைத்தார். அச்சேகரத்தைக் கொண்டு 1994இல் சென்னையில் அமைந்த ஆராய்ச்சி நூலகம் இன்று அறிஞர்க்கு அரிய கருவூலம். நீங்களும் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய இதழைக் கடைக்கு எடைக்குப் போடுமுன் ஒருமுறை புரட்டுங்கள். அது வெளிவந்த ஆண்டையும், அதை வாங்கியவர் பெயரையும் பெரியோரிடம் கேட்டு உள்ளட்டையில் எழுதி வையுங்கள். என் பெட்டியிலுள்ள மலரின் உள்ளட்டையிலும் ஒரு பெயர் எழுதப்பட்டிருக்கிறது. அது என் பெயர் அன்று. அம்மாணவனின் பெயர்.