வாக்குக் கேட்டவரும் வாக்கு வாங்கியவரும்

2011 சட்டமன்றத் தேர்தலில் வடிவேலு தி.மு.க.வுக்காக ஊர் ஊராகப் போய் வாக்குக் கேட்டார். சரத்குமார் அ.தி.மு.க. கூட்டணியில் தென்காசியில் நின்று தனக்காகக் கேட்டார். குற்றாலத்தில் சாரல் விழ இன்னும் நாள் இருந்த ஏப்ரல் வெயில் அது. திறந்த வேனில் நடிகர் வருகிறார் என்றால் மதில்மேல் ஏறி நிற்கும் கூட்டம் இருவருக்கும் பொது.

வடிவேலு எந்தத் தொகுதியிலும் நிற்கவில்லை. தே.மு.தி.க. தலைவர் விஜயகாந்தோடு இருந்த சொந்தப் பகையை மேடையேற்றினார்; அது தவறு என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதற்கு அவர் கொடுத்த விலை? அ.தி.மு.க. ஆட்சிக்கு வந்தது, தே.மு.தி.க. 29 இடங்களோடு எதிர்க்கட்சியானது, அவருக்குப் பட வாய்ப்புகள் அற்றுப்போயின. 2014இல் ‘தெனாலிராமன்’ வரும்வரை கதாநாயகனாக அவர் படம் எதுவும் வரவில்லை. வாயால் கெட்டார் என்று சிரித்தவர்கள் ஏராளம். பிடிக்காத கட்சிக்குப் பேசியவரின் பிழைப்பில் கைவைப்பதை நாம் நியாயமென்றே எடுத்துக்கொண்டோம்.

சரத்குமார் 1998இல் தி.மு.க. வேட்பாளராக நெல்லை மக்களவைத் தொகுதியில் தோற்றவர். பிறகு அக்கட்சியின் மாநிலங்களவை உறுப்பினர். 2006இல் அ.தி.மு.க., 2007இல் சொந்தக் கட்சி. தென்காசியில் அவர் வென்றது, தன்னை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய தி.மு.க.வை எதிர்த்து. பின்னாளில் 2021இல் கமல்ஹாசனோடு கூட்டணி, 2024இல் கட்சியையே பா.ஜ.க.வில் இணைத்தார். இத்தனை மாற்றத்துக்கும் வடிவேலு பட்ட ஏச்சில் பாதிகூட அவர்மேல் விழவில்லை. அணி மாறுவது அரசியல்வாதிக்குச் சகஜம் என்று விட்டுவிடுகிறோம். ஒழுக்கத்தை மட்டும் பதவி கேட்காத கலைஞனிடம் கறாராகக் கேட்கிறோம். எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. மக்களிடம் வாக்கை வாங்கியவருக்குத்தான் கணக்குச் சொல்லும் கடமை அதிகம்.

தென்காசிப் பக்கத்து டீக்கடைகளில் வேறோர் அளவுகோல் உண்டு: “எந்தக் கட்சில இருந்தா நமக்கென்ன, ஒரு தேவைன்னா வருவாரா, அதச் சொல்லும்.” நான் மதிக்கிற அளவுகோல் அது. கொள்கை பேசாவிட்டாலும் வேலையைக் கேட்கிறது. ஆனால் ஐந்தாண்டு முடிந்ததும் அதே மனிதர் அதே மக்கள் முன்னால் வந்து நின்றால்தான் அதை வைத்து அளக்க முடியும். 2016இல் சரத்குமார் திருச்செந்தூருக்குப் போனார். அங்கே தி.மு.க.வின் அனிதா ராதாகிருஷ்ணனிடம் தோற்றார். அவருடைய ஐந்தாண்டுக்குத் தீர்ப்புச் சொல்லும் வாய்ப்பு தென்காசிக்காரர்களுக்கு வரவேயில்லை.