கை தூக்க ஒரு பொத்தான்

செஞ்சிக்காரன் பதிவு என்றால் கோட்டையைப் பற்றித்தான் இருக்கும் என்று நினைத்து வந்திருப்பீர்கள். அதுவும் 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு கேட்கவே வேண்டாம். ஆனால் இந்த முறை ராஜகிரிக்கு ஓய்வு. கணினிக்குள் வகுப்பறை வந்த கதையைப் பார்ப்போம்.

2020 மார்ச்சில் கல்லூரிகளை மூடியபோது என் அக்கா இளங்கலை முதலாம் ஆண்டு. எங்கள் வீட்டில் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில்தான் சிக்னல் கிடைக்கும். குடையோடு அங்கே உட்கார்ந்து பாடம் கேட்பாள். "புரிஞ்சுதா?" என்று சார் கேட்பார். இவள் "புரிஞ்சுது சார்" என்று சொல்வது போய்ச் சேர்வதற்குள் சார் அடுத்த பாடத்தில் இருப்பார் :-)

இந்த வரலாறே அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆசிரியரின் குரல் நம்மிடம் எப்போதோ வந்துவிட்டது. நம் குரல் திரும்பிப் போகத்தான் இத்தனை காலம் ஆனது.

1984 ஆகஸ்ட் 15 அன்று பல்கலைக்கழக மானியக் குழு, இன்சாட்-1பி செயற்கைக்கோள் வழியாக தூர்தர்ஷனில் நாடு தழுவிய வகுப்பறையைத் தொடங்கியது. பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில். டிவியிடம் சந்தேகம் கேட்க முடியுமா?

2001 பிப்ரவரியில் சென்னையில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் வந்தது. உலகத் தமிழர்களுக்காகப் பாடங்களை வலைத்தளத்தில் ஏற்றியது. (இன்று அதன் பெயர் தமிழ் இணையக் கல்விக்கழகம்.) 2004 செப்டம்பர் 20ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கல்விக்கென்றே எஜுசாட் கிளம்பியது. இதில் மாணவர் திருப்பிக் கேள்வி கேட்க முடிந்தது. ஆனால் அதற்கான கருவிகள் உள்ள மையத்துக்குப் போக வேண்டியிருந்தது.

இப்போது நம்மூர் மென்பொருளுக்கு வருவோம். பெயர் ஏ-வியூ. கோவை எட்டிமடையைத் தலைமையிடமாகக் கொண்ட அமிர்தா பல்கலைக்கழகம் உருவாக்கியது. கல்வியில் தகவல் தொழில்நுட்பத்தைக் கொண்டுவர மத்திய அரசு 2009ல் தொடங்கிய தேசிய இயக்கம் இதற்கு உதவியது. ஆசிரியரின் முகம், வெண்பலகை, பாடக் கோப்பு எல்லாம் ஒரே திரையில். சந்தேகம் வந்தால் கை தூக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். அனுமதி கிடைத்தால் நம் முகமும் குரலும் எல்லோருக்கும் போகும். மும்பை ஐஐடி இதை வைத்துத்தான் நாடெங்கும் பல மையங்களில் உட்கார்ந்திருந்த ஆயிரக்கணக்கான கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரே நேரத்தில் பயிற்சி கொடுத்தது.

வகுப்புக்காகவே செய்த மென்பொருள் இப்படிக் கையில் இருந்தும், 2020ல் பெரும்பாலானோர் ஓடியது ஜூமுக்கும் கூகுள் மீட்டுக்கும்தான். ஜூம் அலுவலகக் கூட்டங்களுக்காகப் பிறந்தது. ஆனால் ஒரு இணைப்பைத் தட்டினால் கைபேசியிலேயே திறந்தது. மாணவர்களிடம் இருந்ததும் கைபேசிதானே, மையமா இருந்தது?

டேட்டா செலவு தனி வேதனை. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, தமிழக அரசு 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி இலவச டேட்டா அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் கார்டு வந்தாலும் சிக்னல் தண்ணீர்த் தொட்டி பக்கத்திலேயேதான் இருந்தது!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்கா வகுப்பில் வாயே திறக்காதவள். ஒருநாள் மாடியிலிருந்து சாட் பெட்டியில் ஒரு சந்தேகத்தைத் தட்டினாள். சார் அப்போது கவனிக்கவில்லை. மறுநாள் அவள் பெயரைச் சொல்லிப் பதில் சொன்னார். அன்று கீழே இறங்கி வந்து அம்மாவிடம் முதலில் சொன்னது அதைத்தான்.