குறை உமிழ்வு மண்டலம் (சரக்கு லாரிகள்)

குறை உமிழ்வு மண்டலம் என்பது, அளவுக்கு மேல் புகை கக்கும் வண்டிகளுக்குத் தடையோ கட்டணமோ விதிக்கப்பட்ட நகரப் பகுதி. ஐரோப்பாவில் 1990களின் நடுவிலிருந்து பரவிய ஏற்பாடு. சுவீடனில் மில்யோசோன், ஜெர்மனியில் உம்வெல்ட்சோன, இலண்டனில் எல்.இ.இசட். என ஊருக்கொரு பெயர். கார்களும் இன்று இதற்குள் வந்துவிட்டன என்றாலும், 3.5 டன்னுக்கு மேற்பட்ட டீசல் லாரிகளையும் பேருந்துகளையும் மனத்தில் வைத்தே இவ்விதி பிறந்தது. எல்லை தாண்டிச் சரக்கேற்றும் ஓட்டுநருக்குத் தலைவலி என்னவென்றால், ஒரு நகரம் கண்டுகொள்ளாத லாரியை அடுத்த நகரம் வாசலிலேயே நிறுத்திவிடும்.

முன்வரலாறு

புகையை ஊருக்கு வெளியே தள்ளும் எண்ணம் லாரிக்கு மூத்தது. 1661இல் ஜான் இவ்லின் 'ஃப்யூமிஃப்யூஜியம்' என்ற சிறு நூலை இரண்டாம் சார்லஸ் மன்னருக்கு எழுதி அளித்தார். கடல்நிலக்கரி எரிக்கும் சாயப்பட்டறை, சுண்ணாம்புக் காளவாய், சோப்புக் கொட்டில் முதலியவற்றை இலண்டனிலிருந்து அப்புறப்படுத்த வேண்டும் என்பது அவர் யோசனை. மன்னர் தலையசைத்தார், காளவாய்கள் நகரவில்லை.

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை இலண்டனை மூடிய புகைப்பனியில் சுமார் 4,000 பேர் இறந்ததாக அப்போது கணக்கிட்டனர். பிற்கால ஆய்வுகள் அதை 12,000 வரை உயர்த்தின. எர்ல்ஸ் கோர்ட்டில் நடந்த கால்நடைக் கண்காட்சிக்கு வந்த மாடுகளும் மூச்சுத் திணறிச் செத்தன. 1956இன் தூய காற்றுச் சட்டம் 'புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி' என்ற ஒன்றை உருவாக்கியது. வரைபடத்தில் கோடு கிழித்து, கோட்டுக்குள் புகையில்லா எரிபொருளை மட்டுமே எரிக்கலாம் என்றது. அடுப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எஞ்சினை வைத்தால் அதுவே இன்றைய மண்டலம். அதற்கு நாற்பது ஆண்டுகள் ஆயின.

லாரிகளுக்கான முதல் மண்டலம் சுவீடனுடையது. 1996 ஜூலை 1 அன்று ஸ்டாக்ஹோம், கோதன்பர்க், மால்மோ நகரங்களின் மையப் பகுதிகளில் விதி அமலுக்கு வந்தது. எட்டு வயதைத் தாண்டிய கனரக டீசல் வண்டி உள்ளே வரக்கூடாது. அங்கீகரிக்கப்பட்ட புகை வடிகட்டியைப் பொருத்தினால் விலக்கு உண்டு. புகையை அளக்காமல் வயதை மட்டும் பார்த்த முரட்டுக் கணக்குதான். ஆனால் சாலையோரத்தில் நிற்கும் காவலருக்குப் பதிவுச் சான்றைப் புரட்டினாலே போதும். பின்னால் வந்த நுட்பமான முறைகள் எதற்கும் இந்த எளிமை வாய்க்கவில்லை.

வகுப்புமுறை

இன்றைய மண்டல விதிகளுக்கு அடிப்படை, எஞ்சின் புகைக்கு ஐரோப்பிய ஒன்றியம் வகுத்த வரம்பான யூரோ தரம். கனரக எஞ்சின்களுக்கு இது 1992இல் யூரோ I என்று தொடங்கி, 2013இல் யூரோ VI வரை ஏறியது. நம்மூர் பி.எஸ். (பாரத் ஸ்டேஜ்) தரங்கள் இதைத் தழுவியவையே. எண் எழுதும் முறையில் ஒரு பொறி உண்டு: கார், வேன்களுக்கு 1, 2, 3, லாரி, பேருந்துகளுக்கு I, II, III. இது அழகுக்காகச் செய்த வேறுபாடன்று. கார் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் எத்தனை கிராம் என்று அளக்கிறார்கள். லாரி எஞ்சினைத் தனியே சோதனை மேடையில் ஓட்டி, அது செய்யும் வேலையின் ஒவ்வொரு கிலோவாட்-மணிக்கும் எத்தனை கிராம் என்று அளக்கிறார்கள். ஆகவே யூரோ 6ஐயும் யூரோ VIஐயும் ஒன்றாகப் பாவித்து எழுதும் செய்திகளை நம்ப வேண்டியதில்லை.

நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கு யூரோ I அனுமதித்தது 8 கிராம். யூரோ III 5 கிராம். யூரோ V 2 கிராம். யூரோ VI 0.4 கிராம். இந்தக் கடைசிப் படியைச் சாத்தியமாக்கியதில் பெரும்பங்கு 'ஆட்புளூ' கரைசலுக்கு உரியது. டீசல் தொட்டிக்குப் பக்கத்தில் நீல மூடி போட்ட சிறு தொட்டியில் இருப்பது அதுதான்: 32.5 சதவீத யூரியா, மீதி சுத்தமான நீர். அதைப் புகைக்குழாயில் பீய்ச்சினால் நைட்ரஜன் ஆக்சைடு உடைந்து நைட்ரஜனாகவும் நீராவியாகவும் போகும். கரைசல் தீர்ந்தால் எஞ்சின் தானாக வலு குறைந்து நொண்டும். சில பேராசைக்காரர்கள் கரைசல் செலவை மிச்சம் பிடிக்க எஞ்சின் கணினியை ஏமாற்றும் மின்கருவியைச் செருகுவதுண்டு. அப்படிப்பட்ட லாரி ஏட்டில் யூரோ VI, புகையில் யூரோ I.

இந்தப் படிகளை ஒவ்வொரு நாடும் தன் வசதிக்கு மொழிபெயர்த்தது. ஜெர்மனி 2008 ஜனவரி 1 அன்று பெர்லின், கொலோன், ஹனோவர் நகரங்களில் தொடங்கி, சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டச் சீட்டுகளை முன்கண்ணாடியில் ஒட்டச் சொன்னது. சீட்டின் நடுவே 2, 3 அல்லது 4. அடியில் வெள்ளைப் பட்டையில் வண்டி எண். வண்டி எண் மாறினால் சீட்டும் புதிதாக வாங்க வேண்டும். பெர்லின் 2010 முதல் பச்சையை மட்டுமே ஏற்கிறது. பச்சைக்கு மேல் ஒரு நிறம் பிறக்கவே இல்லை. பிரான்சின் 'கிரிட்ஏர்' சீட்டில் எண் சிறிதானால் வண்டி சுத்தம். அது இன்னும் கறார்: யூரோ VI டீசல் லாரிக்கும் 2ஆம் எண்தான், டீசல் எவ்வளவு சுத்தமானாலும் 1ஆம் எண் கிடையாது.

எனவே 2006இல் பதிவான யூரோ IV லாரி ஒன்று பெர்லினுக்குள் பச்சைச் சீட்டோடு நிம்மதியாகப் போகும். பிரான்சில் அதற்கு 4ஆம் எண். ஸ்டாக்ஹோம் மண்டலத்தில் அதன் காலம் 2016 முடிவோடு முடிந்தது. இலண்டனில் நாளொன்றுக்கு 100 பவுண்டு கட்ட வேண்டும்.

இலண்டன்

2008 பிப்ரவரி 4 அன்று 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கும், அதே ஆண்டு ஜூலையில் 3.5 டன்னுக்கு மேற்பட்டவற்றுக்கும் இங்கு விதி வந்தது. ஏறத்தாழ கிரேட்டர் இலண்டன் முழுவதும் மண்டலம். ஆண்டின் எல்லா நாளும், இருபத்து நான்கு மணி நேரமும் அமல். சீட்டு கிடையாது, கேமரா வண்டி எண்ணைப் படித்துப் பதிவேட்டோடு ஒப்பிடும். வெளிநாட்டு லாரியின் விவரம் அந்தப் பதிவேட்டில் இருக்காது. அதனால் அது யூரோ VI ஆனாலும் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும்.

2021 மார்ச் 1 முதல் யூரோ VI கட்டாயம். யூரோ IV, V லாரிகளுக்கு 100 பவுண்டு. அதற்கும் கீழானவற்றுக்கு 300. கட்டண நாள் நள்ளிரவில் தொடங்கி நள்ளிரவில் முடியும். இரவு 11:30க்கு நுழைந்து, காய்கறி இறக்கிவிட்டு 1 மணிக்கு வெளியேறும் பழைய யூரோ III லாரி, ஒன்றரை மணி நேரத்துக்கு 600 பவுண்டு கடன்படும். உள்ளே நகராமல் நிறுத்தியிருந்தால் கட்டணம் இல்லை. 1973க்கு முன் செய்த வண்டிகளுக்கும், ஊர் ஊராகப் போகும் கேளிக்கைக்காரர்கள் பதிவு செய்துகொண்ட வண்டிகளுக்கும் விலக்கு உண்டு. ராட்டினம் சுமக்கும் லாரி புகைத்தால் நுரையீரல் பொறுத்துக்கொள்ளும் போலும்.

மண்டலத்தால் கண்கூடாக விளைந்தது, நகருக்குள் வரும் லாரிகளின் வயது குறைந்ததுதான். இலண்டன் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, காற்றில் சிறிய முன்னேற்றத்தைக் கண்டது. நுரையீரல் வளர்ச்சியில் மாற்றம் தென்படவில்லை.

இன்றைய நிலை

ஹனோவர் 2024இல் தன் மண்டலத்தைக் கலைத்தது; நெதர்லாந்தின் பல நகரங்கள் 2025 ஜனவரி முதல் புகையே விடாத வண்டிகளுக்கான சரக்கு மண்டலங்களைத் திறந்தன.