பூசணிக்காய் யார் கையில்?

பொட்டி தட்டும் மக்களே, பேர்ல் மொழியை ரிலீஸ் பண்றவருக்கு ரொம்ப நாள் 'பம்ப்கிங்'னு பட்டம் இருந்துச்சு. காரணம் ஒரு பூசணிக்காய். திருஷ்டிக்கு உடைக்கிறது இல்லீங்க, பஞ்சடைச்ச பொம்மை! ஏதோ ஒரு ஆபீசில் பல கம்ப்யூட்டருக்கு ஒரே டேப் டிரைவ். பொம்மை யார் கையிலோ அவர்தான் பேக்கப் எடுக்கலாம். அந்தக் கதையைக் கேட்டு வந்த பெயர். பூசணி வெச்சிருந்தவர் மட்டும்தான் அப்போ மூல நிரலில் பேட்ச் போட முடியும்.

சண்டையில்லாத ஏற்பாடுதான். ஆனா பாரம் மொத்தமும் ஒரே தலையில். 5.8.0 வந்தது ஜூலை 2002, 5.10.0 வந்தது டிசம்பர் 2007! நடுவில் 5.8-க்கான திருத்தங்கள் வந்துக்கிட்டிருந்தது.

இத்தனைக்கும் டெஸ்டிங் பலர் கையில்தான் இருந்தது. 'ஸ்மோக்'னு பேர். தன்னார்வலர்களின் மெஷின்கள் புது நிரலை இறக்கி, த்ரெட் வெச்சு, வெக்காமன்னு விதவிதமா பில்டு பண்ணி, கட்டம் போட்டு ரிப்போர்ட் அனுப்பும். 'ஓ'ன்னா பாஸ், 'எஃப்'னா டெஸ்ட் ஊத்திக்கிச்சு, சின்ன 'எம்'னா பில்டே ஆகலை.

அக்டோபர் 2009-ல் ஜெஸ்ஸி வின்சென்ட் 5.11 வரிசையை ஆரம்பிச்சார். மாசாமாசம் 20-ஆம் தேதி வாக்கில் சோதனை ரிலீஸ், அதைப் பண்ண ஆள் மாறி மாறி, கூடவே படிப்படியா எழுதின கையேடு. என்னைக் கேட்டா கையேடுதான் ஹீரோ. (ஒருத்தருக்கு மட்டுமே தெரிஞ்ச ஸ்கிரிப்டுக்காக, அவர் லீவு முடிஞ்சு வர்ற வரைக்கும் காத்துக் கிடந்தவன் சொல்றேன் :-)) ஏப்ரல் 2010-ல் 5.12.0 வந்தது, அடுத்த வருஷமே 5.14.