நாசிம் ஹிக்மத்

நாசிம் ஹிக்மத் (1902–1963) நவீன துருக்கியக் கவிதையின் முன்னோடி, மார்க்சியர், நாடகாசிரியர். ஒட்டோமான் பேரரசின் சலோனிக்கா நகரில், பாஷா பட்டம் பெற்ற பாட்டனாரின் உயர்குடியில் பிறந்தார். 1920களின் தொடக்கத்தில் மாஸ்கோவில், கீழைநாட்டு உழைப்பாளர்களுக்கான கம்யூனிஸ்டுப் பல்கலைக்கழகத்தில் படித்தார். ஊர் திரும்பி 1929இல் வெளியிட்ட ‘835 வரிகள்’ துருக்கியக் கவிதையை அசைக்கணக்கு யாப்பிலிருந்து விடுவித்தது. பேச்சின் ஏற்ற இறக்கத்துக்கேற்ப வரிகள் நீண்டும் குறுகியும் படிக்கட்டுபோல் இறங்கின. அவர் கம்யூனிஸ்டுக் கட்சிக்காரர் என்பதற்காகவே வேட்டையாடப்பட்டார் எனப் பொதுவாகச் சொல்வதுண்டு. வழக்குகளை உற்றுநோக்கினால், அரசு அஞ்சியது அவருடைய கட்சி அட்டையைவிட அவருக்குச் சேர்ந்துகொண்டிருந்த வாசகரைக் கண்டுதான் என்பது புலப்படும்.

1938இல் இரண்டு ராணுவ வழக்குகள் அவர்மேல் பாய்ந்தன. முதலாவதில், ராணுவக் கல்லூரி மாணவர்களைக் கலகத்துக்குத் தூண்டினார் என்று 15 ஆண்டுத் தண்டனை. இரண்டாவதில், ‘எர்கின்’ என்ற போர்க்கப்பலில் கூடிய கடற்படை நீதிமன்றம் 20 ஆண்டு விதித்தது. இரண்டும் சேர்த்து 28 ஆண்டு 4 மாதமாகக் குறைக்கப்பட்டன. மாணவர்களிடம் கைப்பற்றிய அவருடைய நூல்களே வழக்கின் முக்கியச் சான்று. அவையோ கடைகளில் வெளிப்படையாக விற்பனையானவை. கம்யூனிஸ்டுக் கட்சி தடை செய்யப்பட்டிருந்தது, படைக்குள் கலகம் எந்த அரசுக்கும் அச்சமூட்டக்கூடியதுதானே என்று வாதிடலாம். அச்சம் நியாயமாகவே இருக்கட்டும். சட்டப்படி விற்ற நூலைப் படித்தது கலகமாகிவிடாது. எழுத்தாளர் ஒர்ஹான் கெமாலின் வழக்கு இதை இன்னும் தெளிவாக்குகிறது. கட்டாய ராணுவச் சேவையில் இருந்தபோது நாசிம், கார்க்கி ஆகியோரின் நூல்களைப் படித்ததும் அவர்மீதான குற்றச்சாட்டில் அடங்கும். கிடைத்தது 5 ஆண்டு.

அந்த வாசகரும் கவிஞரும் புர்சா சிறையில் ஒரே அறையில் அடைபட்டார்கள். ஒர்ஹான் கெமாலின் கவிதைகளைத் தயவு தாட்சண்யமின்றி விமர்சித்த நாசிம், அவரை உரைநடைக்குத் திருப்பினார். பிற்காலத்தில் ஒர்ஹான் கெமால் துருக்கியின் முக்கிய நாவலாசிரியர்களில் ஒருவரானார். கிராமத்து இளைஞர் பாலபான் அங்கேதான் நாசிமிடம் ஓவியம் கற்றார். தறி நெய்து வருமானம் தேடிய கவிஞர், உடனிருந்த கைதிகளின் கதைகளைக் கேட்டுக் கேட்டு, ‘என் நாட்டு மனித நிலக்காட்சிகள்’ என்ற நெடுங்காவியத்தை எழுதினார். அது இஸ்தான்புல்லின் ஹைதர்பாஷா ரயில் நிலையத்தில் தொடங்குகிறது. குடியானவர், கைதி, தொழிலாளி, வணிகர் என ஒரு தேசமே அதில் பயணம் செய்கிறது. சிறைதான் அவரைப் பெரிய கவிஞராக்கியது என்று இதை வைத்து முடிவுகட்டுவது தவறு. 1936இலேயே ‘ஷேக் பெத்ரெத்தின் காவிய’த்தில் மக்கள் வரலாற்றைப் பாடிவிட்டவர் அவர். சிறை அவருக்குக் கதைமாந்தரைத் தந்தது, வாசகரைப் பறித்தது.

1950இல் அவர் உண்ணாவிரதம் இருந்தார். வெளிநாட்டு எழுத்தாளர்களும் கலைஞர்களும் குரல் கொடுத்தனர். ஜூலையில் பொதுமன்னிப்பில் விடுதலையானார். நாற்பத்தெட்டு வயதைக் கடந்த, இதயநோயாளியான அவருக்கு ராணுவச் சேவை அழைப்பாணை வந்தது. 1951 ஜூனில் மோட்டார் படகில் கருங்கடலுக்குள் சென்று, ருமேனியக் கப்பலில் ஏறித் தப்பி, சோவியத் ஒன்றியத்தில் புகலிடம் பெற்றார். அடுத்த மாதமே அவருடைய துருக்கியக் குடியுரிமை பறிக்கப்பட்டது. சோவியத் அடக்குமுறைக்கு அவர் கண்ணை மூடிக்கொண்டார் என்ற விமர்சனத்தில் ஓரளவு உண்மை உண்டு. புகலிடம் தந்த அரசைப் புகழ்ந்தும் எழுதினார். ஆனால் தலைமை வழிபாட்டையும் அதிகாரவர்க்கத்தையும் கிண்டல் செய்த ‘இவான் இவானோவிச் இருந்தாரா, இல்லையா?’ என்ற அவருடைய நாடகம் மாஸ்கோ மேடையிலிருந்தே இறக்கப்பட்டது. வாசகரை நம்பாத அரசு எந்தப் பக்கத்திலும் இருக்கலாம் என்பதற்கு அவரே சாட்சி.

1963 ஜூன் 3 அன்று மாஸ்கோவில் காலமானார். நோவோதேவிச்சி கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். குடியுரிமை 2009இல்தான் மீட்டளிக்கப்பட்டது. கட்சி உறுப்பினர் என்பது மட்டுமே காரணமாக இருந்திருந்தால், ஆள் நாட்டைவிட்டுப் போனதும் வழக்கு முடிந்திருக்க வேண்டும். கவிதைகளோ 1960களின் நடுப்பகுதியில்தான் மீண்டும் துருக்கியில் அச்சேறத் தொடங்கின. படிப்பவர் உள்நாட்டிலேயே இருந்ததால் தடையும் அங்கேயே இருந்தது.